பதினான்காம் குழி

கலங்கரை விளக்கம் முதல் சுற்று ஒளியை வீசும் வேளையில், ஜெரோம் தம் பட்டறையில் வெட்டுக்கருவிகளைத் துடைக்க உட்கார்ந்துவிடுவார். மழை வந்தாலும், மாதா கோயில் திருவிழா வந்தாலும், சம்பந்தி வீட்டார் வந்தாலும் அந்த வழக்கம் தவறியதில்லை. கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் லைட்ஹவுஸ் குப்பத்தில் இரும்பு என்பது இரவல் பொருள்; ஓர் இரவு ஏமாந்தால் உப்புக்காற்று வந்து அதைத் திருப்பிக் கேட்கும். ஆகவே, எண்ணெய் ஊறிய பழந்துணியால் ஒவ்வொன்றையும் குழந்தையைத் துவட்டுவதுபோல் துவட்டி, அதனதன் இடத்தில் வைப்பார்.

முதலில் அரங்கள், பிறகு உலோகம் அறுக்கும் ஹாக்ஸா பிளேடுகள்; அங்குலத்துக்கு எத்தனை பல் என்பதே அவற்றின் எண். பல் பெருத்த பதினெட்டு அலுமினியத்துக்கு, இருபத்துநான்கு இரும்புக் குழாய்க்கு, பல் நெருங்கிய முப்பத்திரண்டு மெல்லிய தகட்டுக்கு. தகட்டைப் பெரிய பல்லால் அறுக்கப் போனவன் தகட்டையும் இழப்பான், பல்லையும் இழப்பான் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். கடைசியாகத் துளையிடும் டிரில் பிட்டுகள். அவற்றுக்கென்று ஒரு வேப்பங்கட்டை இருந்தது. எந்தப் பிட் எந்தக் குழியில் நிற்கவேண்டுமோ, அந்தக் குழியை அந்தப் பிட்டாலேயே துளைத்திருந்தார். மூன்று எம்எம் முதல் இருபது வரை, பள்ளிப் பிள்ளைகள் உயரவாரியாக நிற்பதுபோல் அவை வரிசையில் நிற்கும்.

அந்த வரிசைக்குள் ஒரு நீதி இருந்தது. திருகாணி பற்றிக்கொள்ளும் சுருள் வரியான மரையை வெட்ட, துளை அந்த மரையைவிடச் சிறியதாக இருக்கவேண்டும். மரை வெட்டும் கருவியான டேப்பில் பத்துக்கு எட்டரை பிட், பதினாறு டேப்புக்குப் பதினான்கு, இருபதுக்குப் பதினேழரை. மிச்சம் விட்ட உலோகத்தில்தான் மரை நிற்கும். மிச்சம் விடாதவனுக்கு மரையும் மிஞ்சாது. மரை வெட்டி முடித்ததும் ஜெரோம் அந்தத் துளைக்குள் சுண்டுவிரலை விட்டுச் சுற்றித் தடவிப் பார்ப்பார். கண் பொய் சொல்லும், விரல் சொல்லாது என்பது அவருடைய நம்பிக்கை.

வேப்பங்கட்டையில் பதினான்காம் எண் குழி மட்டும் காலி. ஆவணி மாதத்தில் அந்தப் பிட் முறிந்துபோனது. புதியது வாங்கப் பொன்னேரிக்குப் போகவேண்டும், போகவில்லை.

ஐப்பசியில் ஒரு மாலை, அந்தக் காலிக் குழியில் விளிம்பு வரை தண்ணீர் நின்றது.

அண்ணாந்து பார்த்தார். கூரை உலர்ந்திருந்தது. பக்கத்துக் குழிகளில் பதின்மூன்றும் பதினைந்தும் எண்ணெய் மினுக்கத்தோடு நின்றன. இந்த ஒரு குழியில் மட்டும் கறுத்த நீர், விளிம்பைவிடச் சற்றே உப்பி, அசையாமல் நின்றது, இமைக்காத கண் போல.

"மார்கரெட், இங்க எதனா கழுவி ஊத்துனியா?"

ஜெபமாலையும் கையுமாகக் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "நான் ஏன் உங்க இரும்புக் கடைக்குள்ள வரேன்? டீய சிந்தி இருப்பீங்க."

"டீயா? மோந்து பாரு."

அவள் குனிந்து முகர்ந்தாள். "அய்யே, சேத்து வாசன! முகத்துவாரத்துச் சேறு. ஏரியைக் கொண்டாந்து கட்டைக்குள்ள ஊத்திகினீங்களா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

ஜெரோம் சிரிக்கவில்லை. துணியைத் திரித்துக் குழிக்குள் விட்டு நீரை உறிஞ்சி எடுத்தார். ஊறிய துணி தேவைக்கு மேல் கனத்தது.

முகத்துவாரம் என்ற சொல் அவர் நெஞ்சில் எங்கே போய்க் குத்தியது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

தருமலிங்கமும் ரஞ்சித்தும் அண்ணன் தம்பி. ஆவணியில் இருவரும் ஒரே அச்சில் வார்த்த இரண்டு ஃபைபர் படகுகளைக் கொண்டுவந்தார்கள். படகின் பின்புறம், அடியோடு ஒட்டி, பித்தளைக் கட்டி பதித்த ஒரு வடிதுளை உண்டு. கரையேறியதும் அதன் பித்தளை அடைப்பானைக் கழற்றினால் உள்ளே தேங்கிய நீர் வடியும். கடலுக்குத் தள்ளும்போது மறுபடியும் திருகவேண்டும். கழற்றிய அடைப்பானைக் குப்பத்தில் எவரும் மணலில் வைக்கமாட்டார்கள், மணல் விழுங்கிவிடும். படகைத் தள்ள இரண்டு கையும் வேண்டும் என்பதால் பல்லில் கவ்விக்கொள்வார்கள். அப்படிக் கவ்விக் கவ்வியே தருமலிங்கத்தின் முன்பல்லில் ஒன்று மூளியாகியிருந்தது. "என் பொண்டாட்டிய விட இந்தப் பித்தளைக்குத்தான் நான் நெறைய முத்தம் குடுத்திருக்கேன்" என்று அந்த மூளிப்பல் தெரியச் சிரிப்பான்.

அந்த இரண்டு படகுகளுக்கும் பதினாறு டேப்பால் மரை வெட்டவேண்டியிருந்தது. பதினான்கு பிட் முறிந்திருந்தது. இறால் பருவம் தொடங்கியிருந்தது. விடிந்தால் தொழில் என்று தருமலிங்கம் பக்கத்திலேயே நின்றான். ஜெரோம் பதினைந்தை எடுத்துத் துளைத்தார். டேப்பைத் திருகியபோது அது வெண்ணெயில் போவதுபோல் போனது. மரை பற்றாது என்று கை அப்போதே சொன்னது. அந்த இரண்டு துளைகளுக்குள் மட்டும் அவர் சுண்டுவிரலை விடவில்லை. அடைப்பானில் சணல்நாரைச் சுற்றிச் சிவப்புப் பேஸ்ட்டைப் பூசி இறுக்கிக் கொடுத்துவிட்டார்.

புரட்டாசியில் தருமலிங்கத்தின் படகு முகத்துவாரத்துக்கு வெளியே அமிழ்ந்தது. கூடச் சென்ற ஜேம்ஸ் நீந்திக் கரையேறி வந்து சொன்னான்: தண்ணீர் ஏறியபின்தான் பார்த்தார்களாம், அடைப்பானைக் காணோம். தருமலிங்கம் துளைக்குள் விரலைக் கொடுத்து அழுத்திக்கொண்டு, "நீ போய் ஆளக் கூட்டினு வா. நான் புடிச்சிகினு இருக்கேன்" என்றானாம். ஆட்கள் போனபோது படகும் இல்லை, அவனும் இல்லை.

ஊர்க்கூட்டத்தில், அடைப்பானைத் திருக மறந்தவன் என்று அவனைச் சொன்னார்கள். மறதியால் செத்தவன், பெண்டாட்டியை நட்டாற்றில் விட்டவன் என்றார்கள். ஜெரோமைக் கேட்டபோது, "நான் சரியாத்தான் வெட்டிக் குடுத்தேன்" என்றார். கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி கோமளா தலை நிமிரவில்லை.

ரஞ்சித்தின் படகு இன்னமும் அதே மரையோடுதான் கடலுக்குப் போய் வந்துகொண்டிருந்தது.

மறுநாளும் குழியில் நீர் நின்றது. அன்று வங்கக் கடலில் காற்றழுத்தம் என்று படகுகளையெல்லாம் கரைக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். மோட்டார்ச் சத்தமே இல்லாத குப்பத்தில் அலையின் உறுமல் மட்டும் பட்டறையின் தகரச் சுவரில் மோதி மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் குழியைத் துடைத்து, துணியைத் திரித்து இறுக அடைத்துவிட்டுப் போனார். காலையில் துணி மேசைமேல் கிடந்தது, யாரோ நன்றாகப் பிழிந்து போட்டதுபோல முறுக்கேறி. குழி நிறைந்திருந்தது.

ஒரு கம்பியை எடுத்து உள்ளே விட்டுப் பார்த்தார். கட்டையின் கனம் நான்கு விரற்கடை. கம்பி இறங்கியது. கட்டையைத் தாண்டி, மேசையைத் தாண்டி இறங்கியது. இடது கையால் மேசைக்கு அடியில் தடவினார். பலகை முழுதாக, உலர்ந்து, துளையின்றி இருந்தது. கம்பியோ கையில் பிடித்த இடம் வரை உள்ளே போய்விட்டது. அதன் நுனி எதிலோ பட்டது. கல் இல்லை, மரம் இல்லை. மெத்தென்று ஏதோ, பட்டதும் சற்றே விலகிக் கொடுத்தது.

கம்பியை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றார்.

அன்று மாலை ரஞ்சித் வந்தான். வாசலில் நின்றபடியே, "இன்னா ஜெரோமண்ணே, இரும்புக்கெல்லாம் எண்ணெ தேச்சிக் குளிப்பாட்டுற? அதுங்களுக்கும் தீபாவளியா?" என்றான். அண்ணன் போனபிறகு அவன் வலிந்து பழகிக்கொண்ட வேடிக்கைப் பேச்சு அது.

"வாப்பா. இன்னா வேணும்?"

"நாரு கொஞ்சம் குடு. அடைப்பு லூசா சுத்துது. புயல் கொடிய எறக்கிட்டாங்கன்னா கெளம்பணும். அண்ணன் மாதிரியே தம்பியும் மறதிக்காரன்னு எவனும் பேசிடக் கூடாது பாரு."

சொல்வதற்கு அதைவிட நல்ல வேளை வாய்க்காது. பதினேழரையால் துளையைப் பெரிதாக்கி, இருபது டேப்பால் புது மரை வெட்டிப் பெரிய அடைப்பானைப் போட்டால் ஓர் உயிர் பிழைக்கும். ஒரு மணி நேர வேலை. ஆனால் ஏன் பெரிதாக்குகிறாய் என்று அவன் கேட்பான். ஜெரோம் இழுப்பறையைத் திறந்து சணல்நாரை எடுத்து நீட்டினார்.

"நல்லா இறுக்கிச் சுத்து" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

குப்பத்தில் ஒரு கதை சொல்வார்கள்: ஓர் எலி தன் வளைக்கு இரண்டு வாயில் தோண்டியதாம். ஒன்று கோணலாகிப் போனதால் வெட்கப்பட்டு, குஞ்சுகளுக்கும் காட்டாமல் சருகால் மூடிவைத்ததாம். நல்ல வாயிலில் ஊரெல்லாம் காவல் நின்றது. பாம்பு சருகு வழியாக வந்தது. மூடிவைத்த ஓட்டை எலிக்குத்தான் மறந்துபோகும், பாம்புக்கு மறக்காது.

ரஞ்சித் போனபின் ஜெரோம் திரும்பினார். கட்டையில் பதினான்காம் குழி காலியாக இல்லை. விட்டுவந்த கம்பியைக் காணோம், அதில் ஒரு பித்தளை அடைப்பான் செருகி நின்றது. நனைந்திருந்தது. மரை மழுங்கி, பித்தளை இழைகள் நரைமுடிபோல் பிய்ந்து தொங்கின. தலைப்பாகத்தில் பல் பதிந்த தடங்கள் வரிசையாக இருந்தன; நடுவில் ஓரிடத்தில் மட்டும் தடமில்லை. மூளிப்பல்லின் இடம்.

அதைத் துணியில் பொதிந்து எடுத்துப்போய், பாலத்தின் மேலிருந்து ஏரிக்குள் வீசினார். அது நீரில் விழுந்த சத்தம் கேட்கவில்லை. வெகுநேரம் காது கொடுத்து நின்றார். கேட்கவே இல்லை.

திரும்பி வந்தபோது அது குழியில் நின்றது.

இரண்டு நாள் கழித்து வானம் வெளுத்தது. விடியலில் தொழிலுக்குப் போகலாம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கரையில் ரஞ்சித் மோட்டாரை ஓட்டிப் பார்க்கும் சத்தம் பொழுதுசாயும் நேரத்தில் விட்டுவிட்டுக் கேட்டது. மார்கரெட் கோயிலுக்குப் போயிருந்தாள். கலங்கரை விளக்கம் தன் முதல் சுற்றைத் தொடங்கியது. ஜெரோம், வேறு என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கத்தின் கயிறு இழுத்த இழுப்பில் எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்தார்.

அரங்களெல்லாம் துருவேறியிருந்தன. காலையில் பளபளத்தவை. ஹாக்ஸா பிளேடுகளை எடுத்தார். பற்கள் கையில் உதிர்ந்தன. முகத்துவாரத்துச் சேற்றின் வாடை, அழுகிய கடற்பாசியும் டீசலும் கலந்த வாடை, பட்டறை முழுதும் பரவி மூக்கில் அடைத்தது. எங்கோ சொட்டுச் சத்தம். பிறகு இன்னொன்று. இரும்பைக் கவ்விப்பிடிக்கும் வைஸின் போல்ட் துளைகள் கசிந்தன. அலமாரியின் ஆணித்துளைகள் கசிந்தன. தகரச் சுவரில் ரிவெட் அடித்த இடமெல்லாம் கண்ணீர்க் கோடுகள் இறங்கின. வேப்பங்கட்டையின் குழிகள் அனைத்தும் பொங்கி, பிட்டுகள் ஒவ்வொன்றாக மிதந்து எழுந்து, சாய்ந்து விழுந்தன.

மின்சாரம் போனது.

கால் நனைந்தது. குளிர்ந்த நீர். கணுக்கால். கெண்டைக்கால்.

வாசல் தகரக் கதவில் வட்டமாக ஒரு வெளிச்சம். அங்கே துளை இருந்ததில்லை. வெளியே கலங்கரை விளக்கின் ஒளி சுற்றி வரும்போதெல்லாம் அந்தத் துளை காசுபோல மின்னியது. அளவு பார்க்கவேண்டிய தேவையில்லை. அவர் கண்ணுக்குத் தெரியும். பதினைந்து.

அதன் வழியாகத்தான் நீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது.

ஒளி சுற்றி வந்தது. துளை மின்னியது. நீர். இருட்டு. ஒளி வந்தது. துளை மின்னியது. நீர். இருட்டு. ஒளி வந்தது.

துளை மின்னவில்லை.

ஒரு விரல் உள்ளே வந்திருந்தது. வெளுத்து, ஊறி, தோல் சுருங்கிய விரல். நகம் இல்லை. துளையின் விளிம்பைச் சுற்றி மெதுவாகத் தடவிப் பார்த்தது, எங்கே கசிகிறது என்று தேடுவதுபோல. பிறகு அழுந்தியது. கணு வரை அழுந்தி நின்றது.

நீர் நின்றது. சொட்டுச் சத்தமும் நின்றது.

கதவுக்கு அப்பால் ஒரு குரல். மூச்சு முட்டிய குரல். வாய்க்குள் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசும் குரல்.

"போ. ஆளக் கூட்டினு வா. நான் புடிச்சிகினு இருக்கேன்."

ஜெரோம் எப்படி எழுந்தார், முழங்கால் நீரில் துழாவிப் பதினேழரை பிட்டையும் இருபது டேப்பையும் பேட்டரி டிரில் மெஷினையும் பெரிய அடைப்பானையும் எப்படிப் பையில் போட்டார் என்பது அவருக்கே பிறகு நினைவில் இல்லை. பின்வாசல் வழியாக ஓடினார். திரும்பி முன்கதவைப் பார்க்கவில்லை. மணலில் கால் புதையப் புதைய ஓடி, ரஞ்சித்தின் படகருகே போய் விழுந்தார்.

ரஞ்சித் வலையை ஏற்றிக்கொண்டிருந்தான். சோற்றுத் தூக்கோடு வந்திருந்த கோமளா டார்ச்சை அவர் முகத்தில் அடித்தாள். "இன்னாண்ணே, தெப்பலா நனைஞ்சி வந்திருக்க? மழையே இல்லியே?"

"தருமலிங்கம் மறக்கலமா" என்றார் ஜெரோம். "அவன் திருகித்தான் இருந்தான். மரைதான் நிக்கல. பதினாலுக்குப் பதிலா பதினஞ்சப் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன். இந்தப் படகுக்கும் அதான்."

ஜெரோம் குனிந்து ரஞ்சித்தின் அடைப்பானைப் பிடித்தார். திருகவில்லை, இழுத்தார். புதிதாகச் சுற்றிய சணல்நாரோடு அது கையில் வந்துவிட்டது.

ரஞ்சித் படகிலிருந்து குதித்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். "நாரு கேட்டேனே! அன்னிக்கி நாரு கேட்டு வந்தேனேயா! எடுத்துக் குடுத்தியே!"

"உடு அவர" என்றாள் கோமளா. குரல் உயரவில்லை. "ஊரே மறதிக்காரன்னு சொல்லிச்சி. நானும் நம்பிட்டேன் ரஞ்சித்து. வூட்டுக்குள்ள போட்டோவப் பாத்து நானும் அதையே கேட்டேன், ஏன்யா மறந்தன்னு." பிறகு ஜெரோமிடம் திரும்பினாள். "நீ மொதல்ல இதச் சரி பண்ணு. காலைல கூட்டத்துல எழுந்து நின்னு, இப்ப சொன்னதச் சொல்லு. என் முன்னாடி சொல்லு."

"சொல்றேம்மா."

அவள் டார்ச் பிடித்தாள். அவர் மணலில் மண்டியிட்டுப் பதினேழரையால் துளையைப் பெரிதாக்கினார். பித்தளைச் சுருள்கள் உதிர்ந்தன. டேப்பை நேராக நிறுத்தி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று பொறுமையாகத் திருகினார். இம்முறை உலோகம் எதிர்த்தது. கடித்துப் பிடித்தது. கை வலித்தது, அந்த வலியில் அவருக்கு ஓர் ஆறுதல் இருந்தது. டேப்பை வெளியே எடுத்து, துடைத்து, பையில் வைத்தார். இனி இந்தப் படகு அமிழாது.

பெரிய அடைப்பானை வலது கையில் எடுத்தவர், அதைத் திருகுமுன், ஆவணியில் செய்யாமல் விட்ட ஒன்றைச் செய்தார். இடது சுண்டுவிரலைத் துளைக்குள் விட்டுச் சுற்றித் தடவினார்.

மரை கூர்மையாக, ஆழமாக, சரியாக இருந்தது. ஒரு சுற்று. இரண்டு. விரல் இன்னும் சற்று உள்ளே போனது. மரை முடிந்தது. அதற்கப்பால் வெற்றிடம். உலர்ந்த படகின் வெறும் வயிறு.

விரல்நுனியில் ஈரம் பட்டது.

பிறகு மேலும் கீழும் ஏதோ மெல்ல வந்து பொருந்தியது. வழவழப்பாக. வரிசையாக. கீழே முழு வரிசை. மேலே, நடுவில், ஒன்று மட்டும் மூளி.

"கோமளா" என்றார். "உள்ள பாரு."

அவள் எட்டி, டார்ச்சைப் படகுக்குள் அடித்தாள். "இன்னாத்தப் பாக்குறது? காஞ்சி கெடக்குது. ஒண்ணுமில்லியே."

அவை கடிக்கவில்லை. விரலை அவர் சற்றே இழுத்தபோது மட்டும், இறுகின. இழுப்பதை நிறுத்தியதும் தளர்ந்தன. கலங்கரை விளக்கின் ஒளி படகைத் தடவிப் போனது, திரும்ப வந்தது, மறுபடியும் போனது. ஜெரோம் மண்டியிட்டபடியே, நெற்றியைப் படகில் சாய்த்து, கையைத் துளைக்குள் விட்டபடியே இருந்தார். உள்ளே, இரண்டு கையாலும் தள்ளவேண்டிய ஏதோ ஒன்று இன்னும் பாக்கி இருப்பதுபோல, அதுவரை மணலில் தொலைந்துவிடக் கூடாதே என்பதுபோல, அந்தப் பற்கள் அவர் விரலைப் பத்திரமாகக் கவ்விக்கொண்டிருந்தன.